மதிப்பெண் பிரிந்த இடம்: கப்பலூர் ரப்பர் ஆலை ஒன்றில் நடந்த நேர்முகத் தேர்வு – நிகழ்வு ஆய்வு

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில், கப்பலூர் தொழிற்பேட்டையில் இருக்கிற நடுத்தர அளவு ஆலை அது. வண்டிகளுக்கான புஷ், கிராமெட், கேஸ்கட் போன்ற ரப்பர் பாகங்களைச் செய்கிறார்கள். அவை வெண்டர்கள் வழியாகப் பெரிய வாகனக் கம்பெனிகளுக்குப் போகின்றன. அப்பா தொடங்கிய தொழிலை இப்போது மகன் நடத்துகிறார். ஆலையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவையில்லை. நான் சிறு நிறுவனங்களுக்கு ஆளெடுப்பில் உதவி செய்கிற வேலை பார்க்கிறேன். அந்த வகையில்தான் உள்ளே போனேன்.

அவர்கள் சொன்ன பிரச்சினை இதுதான். பாகங்களின் தரம் பார்க்கிற க்யூ.சி. இன்ஸ்பெக்டர் வேலைக்கு எடுக்கிறவர்கள் நிலைப்பதில்லை. நிலைக்கிறவர்களோ பிசகான லாட்டை, அதாவது ஒன்றாக அனுப்பும் பாகங்களின் தொகுதியை, கண்டுபிடிப்பதில்லை. லாட் திரும்பி வந்தால் வண்டி வாடகையோடு செலவு நிற்காது. வாங்கிய கம்பெனியின் இடத்திலேயே ஆள் வைத்து நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் கொடுக்க வேண்டும், அந்தக் கூலியும் இவர்கள் தலையில்தான். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால், அடுத்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். "நல்ல ஆளே கிடைக்க மாட்டேங்குது சார், மதுரையில இருக்கிற பசங்க எல்லாம் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் ஓடிர்றாங்க" என்றார் முதலாளி. ஆள் ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் வந்து உட்கார்ந்தவர்களில் யார் நல்ல ஆள் என்று பார்க்க அவர்களிடம் வழி இருந்ததா என்பதுதான் எனக்கு முதலில் எழுந்த கேள்வி.

பழைய முறை

அவர்கள் ஆளெடுப்பதை ஒரு முறை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். முதலாளி அறையில் மூன்று பேர்: முதலாளி, ப்ரொடக்‌ஷன் மேனேஜர், குவாலிட்டி இன்சார்ஜாக இருக்கும் ஒரு பெண்மணி. மேனேஜர் அப்பா காலத்து ஆள். தனியாகப் பேசும்போது முதலாளியைத் "தம்பி" என்பார், மற்றவர்கள் முன்னால் "சார்". முதலாளி அவரை எப்போதும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். இந்த உறவு பின்னால் முக்கியமாகிறது.

உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்டது, "உங்களுக்கு எந்த ஊரு?" அடுத்து "அங்க எந்தப் பக்கம்?" அப்புறம் "அப்பா என்ன பண்றாரு?" பெண்ணாக இருந்தால் "கல்யாணம் ஆயிருச்சா?" ஊரில் யாரையாவது தெரிந்திருந்தால் பேச்சு பத்து நிமிஷம் அந்தப் பக்கம் போய்விடும். வேலையைப் பற்றிய கேள்வி கடைசியில் ஒன்றோ இரண்டோதான், அதுவும் நுண்ணளவு எடுக்கும் வெர்னியர் கருவியைப் பற்றி. "வெர்னியர் தெரியுமா?" "தெரியும் சார்." "சரி, சொல்லி அனுப்புறோம்."

கேட்கிறவர்கள் மனதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஊர் கேட்பது நம் பக்கத்தில் மரியாதை. பேச்சைத் தொடங்க வேறு வழி நமக்குப் பழக்கமில்லை. ஆனால் வேலை கேட்டு எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்கிறது. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ திருப்பரங்குன்றமோ, ஊருக்குப் பிறகு "எந்தப் பக்கம்" என்று கேட்டால் விசாரிப்பது சாதியை என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். பதில் சொல்லத் தயங்குகிறவரின் குரல் இறங்கிவிடுகிறது. அந்த இறங்கிய குரலைப் பார்த்து "ஆள் கொஞ்சம் டல்லு" என்று எழுதிவிடுகிறோம். இது அநியாயம் என்று நினைக்கிறேன். அதோடு தொழிலுக்கும் நஷ்டம்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. 1981-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அஜய் ஹாசியா வழக்கில் இதே காட்சி வருகிறது. ஸ்ரீநகரில் இருந்த மண்டலப் பொறியியல் கல்லூரியின் சேர்க்கை பற்றிய வழக்கு அது. எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத்துக்கு 50. ஒவ்வொரு மாணவரையும் இரண்டு மூன்று நிமிடம்தான் பார்த்தார்கள், பெற்றோர் யார், எங்கே குடியிருக்கிறாய் என்பதைத் தாண்டி உருப்படியாக எதுவும் கேட்கவில்லை என்பது மனுதாரர்களின் குறை. நேர்முகத்துக்கு மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று நீதிமன்றம் சொன்னது. நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்து வைப்பது நல்லது என்றும் யோசனை சொன்னது. தனியார் ஆலைக்கு அந்த 15 சதவீதம் பொருந்தாது. ஆனால் அதன் பின்னால் இருக்கிற சந்தேகம் பொருந்தும்.

இதைச் சொன்னதும் மேனேஜர் கேட்டார்: "மத்திய அரசு வேலைக்கே இன்டர்வியூவ எடுத்துட்டாங்களே, அப்புறம் நமக்கு மட்டும் எதுக்கு? டெஸ்ட் வச்சு மார்க் போட்டு எடுத்துருவோம்." கேட்க வேண்டிய கேள்விதான். 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி, அரசிதழில் வராத குரூப் பி பதவிகளுக்கு நேர்முகத் தேர்வு இல்லை. சிபாரிசும் பணமும் புகுகிற வாசல் அதுதான் என்பதால் மூடினார்கள். லட்சக்கணக்கில் விண்ணப்பம் வருகிற இடத்தில் அது சரியான முடிவு. இந்த ஆலைக்கு வருவதோ பத்துப் பதினைந்து பேர். ஒரு இன்ஸ்பெக்டர் அளவெடுப்பதை டெஸ்டில் பார்த்துவிடலாம். "லாட்டை அனுப்புய்யா, லாரி நிக்குது" என்று ஷிப்ட் சூப்பர்வைசர் சத்தம் போடும்போது அவர் என்ன செய்வார் என்பதை வெர்னியர் காட்டாது. அதற்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆராய்ச்சிகளும் இதையே சொல்கின்றன. 1998-ல் ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் கட்டமைத்த நேர்முகத்துக்கும் பின்னால் வேலை செய்யும் திறனுக்குமான தொடர்பு 0.51, இஷ்டத்துக்குப் பேசும் நேர்முகத்துக்கு 0.38 என்று கணக்கிட்டார்கள். தொடர்பே இல்லை என்றால் 0, அப்படியே ஒத்துப்போனால் 1. 2022-ல் சாக்கெட்டும் அவருடைய குழுவும் அந்தக் கணக்கில் இருந்த சில மிகைத் திருத்தங்களைச் சரிசெய்து மறுபடி பார்த்தபோது பெரும்பாலான எண்கள் இறங்கின. கட்டமைத்தது 0.42, சும்மா பேசுவது 0.19. இறங்கிய பிறகும் அவர்கள் பட்டியலில் முதலிடம் கட்டமைத்த நேர்முகத்துக்குத்தான். ஆக நேர்முகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, நடத்துகிற விதத்தை மாற்ற வேண்டும்.

கேள்வி எழுதும் முன்

மூன்று பேரிடமும் தனித்தனியாக ஒன்று கேட்டேன்: "இந்த வேலையில் கெட்டுப்போன ஒரு நாளைச் சொல்லுங்கள், நன்றாக நடந்த ஒரு நாளையும் சொல்லுங்கள்." பழைய விளம்பரத்தில் இருந்த "டிப்ளமோ மெக்கானிக்கல், அனுபவம் இருந்தால் முன்னுரிமை" என்ற வரியைவிட இந்தப் பதில்கள் நிறையச் சொல்லின.

இன்சார்ஜ் சொன்னது முழுக்க அளவெடுப்பது பற்றி. ரப்பரை வெர்னியர் தாடையில் அழுத்திப் பிடித்தால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். மெதுவாகத் தொட வேண்டும், அது கையில் வர வேண்டும். கடினத்தன்மை பார்க்கும் மீட்டரைப் பாகத்தின் ஓரத்தில் வைத்தால் தப்பாகக் காட்டும். டிராயிங்கில் எது முக்கியமான அளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மேனேஜர் சொன்னது வேகம் பற்றி. "லைன் நிக்கக் கூடாது." முதலாளிக்கு, திரும்பி வராத லாட்.

மூன்றும் நியாயம். ஆனால் மூன்றும் ஒரே திசையில் இழுக்கவில்லை. அப்போது அதைக் குறித்து வைத்துக்கொண்டோம், தீர்க்கவில்லை. விளைவு பின்னால் வருகிறது.

பார்க்க வேண்டியவை என்று நான்கை எழுதினோம்: அளவெடுக்கும் கை, டிராயிங் படிப்பது, பதிவு எழுதுவது, அழுத்தம் வரும்போது நடந்துகொள்வது. இன்னும் இரண்டு மூன்று சேர்க்க முதலாளி ஆசைப்பட்டார். "கம்பெனி மேல விசுவாசம்" என்பது ஒன்று. அதை எந்தக் கேள்வியால் பார்ப்பது, எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டபோது மூவருக்கும் பதில் இல்லை. அளக்க வழி தெரியாததைத் தாளில் எழுதினால், அந்த இடத்தில் பிடித்த ஆளுக்குக் கூடுதல் மதிப்பெண் விழும், அவ்வளவுதான். விட்டுவிட்டோம்.

டெஸ்ட்

இன்சார்ஜ் செய்த ஏற்பாடு இது. முழுப் பாராட்டும் அவருக்குத்தான். ஒரு தட்டில் பன்னிரண்டு பாகங்கள், ஒரு டிராயிங், வெர்னியர், கடினத்தன்மை மீட்டர், ஆலையில் வழக்கமாக நிரப்புகிற படிவம். பன்னிரண்டில் மூன்று தள்ளுபடி: ஒன்றில் ஓரப் பிசிறு, ஒன்று அளவில் பிசகு, ஒன்று பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கடினம் கூடியது. டிராயிங்கில் கடினம் 60, கூட்டல் கழித்தல் 5 என்று இருக்க, மீட்டரில் 68 காட்டும்.

வெர்னியர்தான் விஷயம். கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் கேலிபரேஷனில் தள்ளுபடியான பழைய வெர்னியர் ஒன்றை எடுத்து வைத்தார். தாடையை மூடினால் சுழி வரவேண்டிய இடத்தில் 0.10 மில்லிமீட்டர் காட்டும். வேலை தெரிந்தவர் முதலில் தாடையைத் துடைப்பார், மூடிப் பார்ப்பார், "சார், இதுல சுழிப் பிழை இருக்கு" என்பார். கழித்துக்கொண்டு அளப்பார், அல்லது வேறு கேட்பார். சான்றிதழில் எத்தனை சதவீதம் இருந்தாலும், பழக்கம் இல்லாதவர் நேராகப் பாகத்தை எடுத்து அளக்கத் தொடங்குவார். "வெர்னியர் தெரியுமா?" என்ற பழைய கேள்விக்கு எல்லோரும் "தெரியும்" என்றார்கள். தட்டைக் கொடுத்ததும் பாதிக்கு மேற்பட்டவர்கள் சுழியைப் பார்க்கவே இல்லை.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். வேலையில் தினமும் அதைத்தான் நிரப்ப வேண்டும் என்பதால் டெஸ்டிலும் அதையே கொடுத்தோம். ஆனால் நேர்முகம் தமிழில். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவரை அறிவாளி என்று நினைக்கிற மயக்கம் நம்மிடம் பலமாக இருக்கிறது. ஒரு நல்ல குணம் கண்ணில் பட்டதும் மற்ற குணங்களும் அப்படியே இருக்கும் என்று மதிப்பிடுவதை 1920-லேயே தார்ண்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளில் காட்டினார். வேலைக்கு எவ்வளவு ஆங்கிலம் தேவையோ அதைப் படிவத்தில் பார்த்தாகிவிட்டது. அதற்கு மேல் அதை அறைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கேள்விகள்

இரண்டு வகையாகக் கேட்டோம். ஒன்று, நடந்ததைக் கேட்பது: "நீங்கள் சரியில்லை என்று சொன்ன ஒரு பொருளை, சரிதான் என்று வேறு ஒருவர் சொன்ன சம்பவம் ஏதாவது உண்டா? என்ன நடந்தது?" இன்னொன்று, ஒரு நிலைமையைச் சொல்லிக் கேட்பது: "மாலை நாலு மணி. லாரி வாசலில் நிற்கிறது. ஐந்நூறு பாகம் உள்ள லாட்டில் எடுத்துப் பார்த்தவற்றில் இரண்டில் கடினம் கூடியிருக்கிறது. சூப்பர்வைசர் அனுப்பச் சொல்கிறார். இன்சார்ஜ் போனை எடுக்கவில்லை. என்ன செய்வீர்கள்?" படித்து முடித்து நேராக வருகிறவரிடம் முதல் வகை வேலை செய்யாது. அவரிடம் கல்லூரிப் பட்டறையிலோ பகுதிநேர வேலையிலோ நடந்த ஒன்றைக் கேட்டோம்.

எதிர்பார்க்கும் பதிலை முன்பே எழுதி வைத்தோம். லாரிக் கேள்விக்கு: "சூப்பர்வைசர் சொன்னால் அனுப்பிவிடுவேன்" என்றால் 1. சொல்லிப் பார்ப்பேன், கேட்கவில்லை என்றால் விட்டுவிடுவேன் என்றால் 2. நிறுத்துவேன் என்று மட்டும் சொன்னால் 3. இன்னும் சில பாகங்களை எடுத்துப் பார்ப்பது, லாட்டைத் தனியாக வைத்து, அனுப்பக் கூடாது என்று காட்டும் ஹோல்ட் டேக் கட்டுவது, எண்ணோடு எழுதி வைப்பது, அடுத்து யாரிடம் போவது என்பதெல்லாம் பதிலில் வர வர 4, 5. இப்படி எழுதாமல் "ஒன்றிலிருந்து ஐந்துக்குள் போடுங்கள்" என்றால், ஒருவருடைய மூன்று இன்னொருவருடைய நான்காக இருக்கும், யாருக்கும் தெரியாது.

கூடுதலாகக் கேட்கவும் இரண்டு மூன்று வரிகள் வைத்திருந்தோம். "அப்புறம்?" என்பது ஒன்று. "'நாங்க பண்ணோம்'னு சொன்னீங்க, அதுல நீங்க செஞ்சது என்ன?" என்பது இன்னொன்று. நம் பக்கத்துப் பிள்ளைகள் தாங்கள் செய்ததைத் "நான்" என்று சொல்லக் கூச்சப்படுவார்கள், அதைத் தற்பெருமை என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். கேட்டால்தான் வெளியே வரும். அப்புறம் ஒரு கட்டுப்பாடு, கேட்கிறவர்களுக்கு. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எதிரே இருப்பவர் யோசிக்கிற அந்த நேரம் நமக்குச் சங்கடமாக இருக்கும், உடனே "அதாவது, இன்சார்ஜ்கிட்ட சொல்லுவீங்களா?" என்று பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம். முதல் ஆளிடம் மேனேஜர் இதைச் செய்தார். இடைவேளையில் சொன்னதும் நிறுத்திக்கொண்டார்.

ஊர், அப்பா, கல்யாணம் மூன்றும் தாளில் இல்லை. "அப்ப பேச்ச எப்படித்தான் ஆரம்பிக்கிறது?" என்று முதலாளி உண்மையாகவே கேட்டார். "பஸ் சரியா கிடைச்சுதா, தண்ணி குடிக்கிறீங்களா" என்று ஆரம்பிக்கலாம். அப்புறம் இன்று என்ன நடக்கப் போகிறது, எவ்வளவு நேரம், யார் யார் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொன்னால் போதும். வேலை கேட்டு வந்தவரின் படபடப்பு அதிலேயே பாதி அடங்கிவிடும். பெண்களிடம் கல்யாணம் பற்றிக் கேட்பதற்குக் காரணமாக அவர்கள் சொன்னது ஷிப்ட். சரி, ஷிப்ட் நேரத்தை எல்லோரிடமும் சொல்லி, "இந்த நேரத்துக்கு வந்து போக முடியுமா?" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கலாமே. ஆளெடுப்பில் பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்று 1976-ன் சம ஊதியச் சட்டமே சொல்லிவிட்டது. பின்னால் வந்த 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது.

மனசுக்குப் படுவது

முதலாளிக்கு ஒரு மனக்குறை இருந்தது. "எல்லாம் சரி சார். ஆனா ஒரு ஆளப் பாத்ததும் மனசுக்குப் படும்ல? அப்பாவெல்லாம் அப்படித்தான் எடுத்தாரு."

இதை நான் தள்ளிவிடவில்லை. 1955 வாக்கில் இஸ்ரேல் ராணுவத்தில் ஆட்களைத் தேர்வு செய்யும் முறையைத் திருத்தும் வேலை டேனியல் கானமன் என்ற இளைஞருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கியவர்தான் அவர். ஆறு குணங்களைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைக் கேட்டு, ஒன்றுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகச் சொன்னார். நேர்முகம் நடத்துகிறவர்கள், எங்களை இயந்திரமாக ஆக்குகிறாய் என்று சண்டைக்கு வந்தார்கள். அவர் ஒரு சமரசம் செய்தார்: ஆறையும் முடித்த பிறகு கண்ணை மூடி, இந்த ஆள் எப்படி இருப்பார் என்று யோசித்து, அதற்கும் ஒரு எண் போடுங்கள். பின்னால் பார்த்தபோது அந்தக் கடைசி எண்ணும் நன்றாகவே கணித்திருந்தது. முதலில் வருகிற உள்ளுணர்வு வேறு, எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்த பிறகு வருகிற உள்ளுணர்வு வேறு. அதனால் எங்கள் தாளிலும் கடைசியில் ஒரு கட்டம் வைத்தோம், மற்றதெல்லாம் போட்ட பிறகு நிரப்ப.

முன்னதாக வருகிற உணர்வு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2013-ல் டானா, டாஸ், பீட்டர்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வு எனக்கு மறக்காது. மாணவர்கள் சக மாணவர்களைப் பேட்டி கண்டு, அடுத்த பருவ மதிப்பெண்ணைக் கணிக்க வேண்டும். சில பேட்டிகளில் பதில் சொல்கிறவர் ஒரு விதிப்படி, கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆம், இல்லை என்று மாற்றி மாற்றிச் சொன்னார். கேட்டவர்களுக்கு அது தெரியவே இல்லை, ஆளைப் புரிந்துகொண்டதாகவே நினைத்தார்கள். பேட்டியே இல்லாமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கணித்தது அதைவிடச் சரியாக இருந்தது.

அன்றைய நாள்

காலை எட்டரைக்கு என்று இருந்ததைப் பத்தரைக்கு மாற்றினோம். மேலூர்ப் பக்கமிருந்து வருகிறவர் மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து திருமங்கலம் பஸ் பிடித்து வரவேண்டும். எட்டரைக்கு வைத்தால் தாமதமாக வருகிறவரை ஒழுங்கில்லாதவர் என்று எண்ணுவோம், உண்மையில் அது பஸ் நேரம். ஒவ்வொருவர் வெளியே போனதும் மூவரும் பேசாமல் மதிப்பெண் போட்டுத் தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இது கஷ்டமாகத்தான் இருந்தது. கதவு சாத்தியதும் "எப்படிண்ணே?" என்று கேட்பது முதலாளியின் பழக்கம். அந்தக் கேள்விக்கு மேனேஜர் என்ன சொல்கிறாரோ அதுதான் இத்தனை வருஷமும் முடிவு. வயதில் மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் மறுக்க மாட்டார்கள். இன்சார்ஜுக்கு வேறு கருத்து இருந்தாலும் "சார் சொன்னா சரிதான்" என்று அடங்கிவிடுவார். தாள் கவிழ்ந்திருந்ததால் அவருடைய கருத்தும் எண்ணாக மேசைக்கு வந்தது.

இரண்டு இடம். முதல் இடத்தில் சர்ச்சை இல்லை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண், டிப்ளமோ படித்தவர், குழந்தை பிறந்த பிறகு சில வருஷம் வேலைக்குப் போகாதவர். சுழிப் பிழையை அவர்தான் முதலில் சொன்னார், மூன்று தள்ளுபடியையும் பிரித்தார். மூவருமே உயர்வாகப் போட்டிருந்தார்கள். பழைய முறையாக இருந்தால் கல்யாணக் கேள்வியிலேயே அவர் கதை முடிந்திருக்கும். அதை மேனேஜரே சொன்னார்.

இரண்டாவது இடத்துக்கு இருவர். ஒருவர் திருமங்கலத்துப் பையன், முதலாளிக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சொல்லி வந்தவர். டெஸ்டில் நன்றாகவே செய்தார். இன்னொருவர் மேலூர் பக்கத்து ஐ.டி.ஐ. இளைஞர், முந்தைய வேலையை விட்டதற்குக் காரணம் கேட்டபோது, தான் நிறுத்திய லாட்டை மேலே இருந்தவர் தனக்குத் தெரியாமல் அனுப்பியதாகவும், அதில் பேச்சு வளர்ந்துவிட்டதாகவும் சொன்னவர். அவருடைய லாரிக் கேள்விக்கு இன்சார்ஜ் போட்டது 5, முதலாளி 3, மேனேஜர் 2. திருமங்கலத்துப் பையன் "சூப்பர்வைசர் பெரியவரு, அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார். எழுதி வைத்த அளவுகோல்படி அது 1. மேனேஜர் 4 போட்டிருந்தார்.

ஏன் என்று கேட்டோம். அவர் ஒளிக்கவில்லை. "அளவுகோல் உங்களுது. எனக்கு லைன் ஓடணும். ஒவ்வொரு லாட்டுக்கும் சண்டை போடுற ஆள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" இன்சார்ஜ் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குரல் உயர்த்தினார்: "சண்டை போடாம இருந்த ஆளுங்களாலதான் சார் லாட் திரும்பி வந்துச்சு."

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமான இடம் இதுதான். ஒரே பதிலுக்கு 5-ம் 2-ம் விழுந்தால், சராசரி எடுத்து மூன்றரை என்று முடித்துவிடத் தோன்றும். எடுக்கவே கூடாது. அந்த இடைவெளி ஆளைப் பற்றியது அல்ல, ஆலையைப் பற்றியது. இன்ஸ்பெக்டருக்கு லாட்டை நிறுத்த அதிகாரம் உண்டா இல்லையா என்பதை இத்தனை வருஷமாக யாரும் தீர்மானிக்கவில்லை. இன்ஸ்பெக்டர்கள் காகிதத்தில் குவாலிட்டிக்குக் கீழ். நடைமுறையில் அவர்களுடைய ஓவர்டைமும் லீவும் மேனேஜர் கையில். நிறுத்துகிற ஆளை எடுத்தால் அவர் மேனேஜரோடு மோதிப் போய்விடுவார். நிறுத்தாத ஆளை எடுத்தால் லாட் திரும்பி வரும். "நிலைக்கிறதில்ல, நிலைச்சா கண்டுபிடிக்கிறதில்ல" என்று முதலாளி சொன்ன இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். கேள்வித்தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைத் தீர்த்திருக்காது. முதல் சந்திப்பில் மூவரும் மூன்று திசையில் சொன்னபோதே இது தெரிந்த விஷயம். மதிப்பெண் வந்த பிறகுதான் தட்டிக்கழிக்க முடியாமல் போனது.

அன்று ஆளை முடிவு செய்யவில்லை. மறுநாள் மூவரும் உட்கார்ந்தார்கள், விண்ணப்பதாரர் பெயர் எதையும் எடுக்காமல். முதலாளிக்கு அது சுலபமான பேச்சு இல்லை, "அண்ணே" என்று கூப்பிட்டே பழகியவரிடம் அதிகாரத்தைப் பற்றிப் பேச வேண்டும். முடிவு இப்படி எழுதப்பட்டது: ஹோல்ட் டேக் கட்டிய லாட்டை இன்சார்ஜோ முதலாளியோ மட்டும்தான் விடுவிக்கலாம். ஆனால் டேக் கட்டியதும் இன்ஸ்பெக்டர் உடனே மேனேஜருக்குச் சொல்ல வேண்டும், அரை மணி நேரத்துக்குள் இன்சார்ஜ் வந்து பார்க்க வேண்டும். இன்ஸ்பெக்டர்களின் லீவு இனி இன்சார்ஜ் கையில். அரை மணி நேர விதி மேனேஜர் கேட்டது, நியாயமானது. அவருக்குத் தேவை நல்ல ஆள் இல்லாமல் போவது அல்ல, லைன் காரணமில்லாமல் நிற்காமல் இருப்பது.

ஒரு எச்சரிக்கை. ஆட்களைப் பார்த்த பிறகு அளவுகோலைத் திருத்துவது ஆபத்து. பிடித்த ஆளுக்குத் தோதாக வளைப்பதற்கும் அதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் பழைய மதிப்பெண்ணைத் திருத்தவில்லை. இருவரையும் மறுபடி அழைத்து, புதிய விதியை இருவருக்கும் ஒரே வார்த்தைகளில் சொல்லி, வேறு ஒரு நிலைமையைக் கொடுத்தோம். பஸ் கட்டணம் ஆலை கொடுத்தது. திருமங்கலத்துப் பையன், "இப்ப நீங்களே சொல்லிட்டீங்கள்ல சார், நிறுத்திருவேன்" என்றார். எப்படி என்று கேட்டதற்குப் பெரிதாகச் சொல்ல வரவில்லை. மேலூர் இளைஞர், முதலில் வேறு மீட்டரில் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன் என்று தொடங்கினார். அதே அச்சில் முன்பு வந்த லாட்டின் பதிவை எடுப்பேன், மேனேஜரிடம் பாகத்தைக் கையில் கொடுத்துக் காட்டுவேன் என்று படிப்படியாகச் சொன்னார். மேனேஜர் போட்ட எண் 4.

முந்தைய வேலையில் நடந்த சண்டையைப் பற்றி, அவரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, அங்கே போன் செய்தார் முதலாளி. "எப்படிப்பட்ட ஆளு?" என்று கேட்டால் "நல்ல பையன்தான்" என்ற பதில்தான் வரும். "மறுபடி வேலைக்கு வந்தா எடுப்பீங்களா?" என்று கேட்கச் சொன்னோம். "வரச் சொல்லுங்க, இப்பவே எடுத்துக்கிறேன்" என்று பதில் வந்தது.

சிபாரிசு செய்த பெரியவருக்கு என்ன சொல்வது என்பதுதான் முதலாளிக்குப் பெரிய கவலை. இதில் மழுப்பினால் உறவு கெடும், பொய் சொன்னாலும் கெடும். நேரிலேயே போனார். பையன் அளவெடுப்பதில் நன்றாக இருந்ததையும், எங்கே குறைந்தது என்பதையும் சொன்னார். பெரியவர் கோபப்படவில்லை. அடுத்து ஆள் எடுக்கும்போது சொல்லுங்கள் என்றார். தேர்வாகாத மற்றவர்களுக்கும் அந்த வாரமே போனில் சொன்னார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்று விட்டுவிடுவது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. அந்தப் போனுக்காக வேறு வேலையைத் தள்ளிப்போட்டுக் காத்திருக்கிற வீடுகள் உண்டு என்பதால் இதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

அதன் பிறகு

வேலைக்கு எடுத்த இருவரும், உசிலம்பட்டிப் பெண்ணும் மேலூர் இளைஞரும், இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். லாட் நிற்கிறது, சில நாள் மேனேஜர் சலித்துக்கொள்கிறார், அரை மணி நேர விதி பெரும்பாலும் நடக்கிறது. இரண்டு பேரை எடுத்ததை வைத்து இந்த முறை நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். லாட் திரும்புவது குறைந்ததில் புதிய விதிக்கு எவ்வளவு பங்கு, புதிய ஆட்களுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கவும் முடியாது. என் கணிப்பில் விதிக்குத்தான் கூடுதல் பங்கு.

அடுத்ததாக மெஷின் ஆபரேட்டர்களுக்கும் இதே மாதிரி வேண்டும் என்று கேட்டவர் மேனேஜர். அதற்குத் தயாராகும்போது பழைய மதிப்பெண் தாள்களை எடுத்துப் பார்த்தோம். டிராயிங் பற்றிய கேள்விக்கு ஏறக்குறைய எல்லோருக்கும் மூன்றும் நாலும்தான் விழுந்திருந்தது, தட்டு டெஸ்டில் தோற்றவர்களுக்கும் சேர்த்து. எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்துகிற கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது. இன்ஸ்பெக்டர் தாளிலிருந்து அதை எடுத்துவிட்டு, பிழையுள்ள பழைய பதிவுப் படிவம் ஒன்றைக் கொடுத்து "இதில் என்ன தப்பு?" என்று கேட்பதாக மாற்றியிருக்கிறோம். ஆபரேட்டர் தாளுக்கு, அச்சு சூடேறாமல் வந்த முதல் சில பாகங்களை என்ன செய்வீர்கள் என்ற கேள்வியை மேனேஜரே எழுதிக் கொடுத்தார். எந்தப் பதிலுக்கு 1, எதற்கு 5 என்பதையும் சேர்த்து.